எஸ்டேட் பிக்கப்பின் துரு: அடியிலிருந்து தொடங்குங்கள்

பழைய பிக்கப்பைப் பட்டறையில் விட்டால் வழக்கமாகக் கேட்கிற வாசகம் இது: "அடியில கருப்பு அடிச்சு விட்டுடலாங்கண்ணா, அஞ்சு வருசத்துக்குத் தொட வேண்டியதில்ல." தண்ணீர் அடித்துக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் மேலாகத் தேய்த்து, தார் கலந்த கருப்புப் பூச்சை அடித்துவிட்டால் வண்டியின் அடிப்பக்கம் அன்றைக்குப் புதிதாகத்தான் தெரியும். இரண்டு மழைக்காலம் போனால் அந்தப் படலம் விறைத்து வெடிப்பு விடும். வெடிப்பு வழியே உள்ளே போன ஈரம் திரும்பி வெளியே வர முடியாது. வெளியே கருப்பு அப்படியே இருக்கும், உள்ளே தகடு கரைந்துகொண்டிருக்கும். பூச்சு பாளமாகக் கழன்று விழுகிற நாளில்தான் ஓட்டை தெரியவரும்.

வீட்டில் வேலை செய்கிறவரிடம் பட்டறைக்காரரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: நேரம். பட்டறைக்கு அடுத்த வண்டி வரிசையில் நிற்கும். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. அந்த நேரத்தில் பெரும்பகுதியைச் சுத்தம் செய்வதற்கும் காயவைப்பதற்கும் ஒதுக்குங்கள். பெயிண்ட் அடிப்பது கடைசியில் வருகிற சின்ன வேலை.

மூட்டையில் ஏறுகிற உப்பு

சேர்வராயன் மலையில் கடற்காற்று கிடையாது. ஆனாலும் ஏற்காடு, நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் ஓடிய வண்டிகள் சமவெளி வண்டிகளைவிட மோசமாக அரித்திருக்கும். மழையும் மூடுபனியும் ஒரு காரணம். ஏற்றுகிற லோடு இன்னொரு காரணம், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் கிட்டத்தட்ட பாதி குளோரைடுதான். கிழிந்த மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி சிந்தி லோடு பாடியின் இடுக்கில் விழுந்தால் போதும், மூடுபனி நேரத்தில் அது ஈரத்தை இழுத்து உப்புக் கரைசலாகிவிடும். குளோரைடு தகட்டின் குழிகளுக்குள் இறங்கிவிட்டால் மேலே எவ்வளவு தேய்த்தாலும் அது குழிக்குள்ளேயே இருக்கும். பெயிண்ட் அடித்த பிறகும் தன் வேலையைத் தொடரும்.

அதைவிட மோசமானது மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட். காபிக்கும் மிளகுக்கும் பூஞ்சண நோய்க்கு மருந்தாகப் போர்டோ கலவை அடிக்கிற ஊர் இது. 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு சேர்ப்பார்கள். கலவை சரியாக வந்ததா என்று பார்க்கப் பளபளப்பான கத்தியையோ அரிவாளையோ அதில் விட்டு எடுப்பார்கள். இரும்பின்மேல் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் கத்தியில் என்ன நடக்கிறது? கரைசலில் இருந்த செம்பு வந்து படிகிறது, அதற்கு ஈடாகக் கத்தியின் இரும்பு கரைந்து போகிறது. மயில்துத்தப் பையையும் ஸ்பிரேயர் டிரம்மையும் ஏற்றி இறக்குகிற பிக்கப்பின் தரையிலும் இதேதான் நடக்கிறது. படிந்த செம்புத் துகள் அங்கேயே ஒட்டியிருந்து, ஈரம் படும்போதெல்லாம் சுற்றியிருக்கும் இரும்பை அரிக்கும். லோடு பாடித் தரையில் ஊசி ஊசியாக ஓட்டைகள் ஓரிடத்தில் கூட்டமாகத் தெரிந்தால் மயில்துத்தத்தை முதலில் சந்தேகப்படுங்கள்.

இவற்றோடு செம்மண்ணும் சேர்கிறது. மட்கார்டின் உள்மடிப்பிலும் சேஸின் ஓரத்திலும் அப்பிய மண் மேலே காய்ந்து தெரியும், உள்ளே வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும்.

எப்போது, எங்கே

காபி அறுவடை நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. அதுவரை எஸ்டேட் வண்டிக்கு ஓய்வு கிடையாது. மார்ச் தொடக்கத்தில் வண்டி கிடைத்தால் அதுதான் சரியான காலம். வேலையை மலைமேல் வைத்துக்கொள்ளாமல் அடிவாரத்திலோ சேலம் டவுனிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காலை வேளையில் தகடு வியர்த்திருக்கும், கையால் தொட்டால்தான் தெரியும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும், தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம்) 3 டிகிரியாவது கூடுதலாக இல்லாவிட்டாலும் பிரைமர் அடிக்கக் கூடாது. சேலத்து மார்ச்சில் இந்தக் கவலை இல்லை. அங்கே பிரச்சினை நேர் எதிரானது. உச்சி வெயிலில் சுட்ட தகட்டில் அடித்த பிரைமர் பரவுவதற்கு முன்பே காய்ந்து சொரசொரப்பாகிவிடும். நிழலில் நிறுத்தி, காலை 9 மணிக்கு மேல் தொடங்கி உச்சி வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள்.

பிரிப்பதும் தட்டிப் பார்ப்பதும்

பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். டீசல் டேங்க்கை இறக்கி வேறு இடத்தில் வையுங்கள், டேங்க் வண்டியில் இருக்கும்போது வெல்டிங் தீப்பொறி கூடாது. சீட்டு, மேட், கதவு உள் அட்டை எல்லாம் வெளியே வரட்டும். லோடு பாடியைச் சேஸிலிருந்து தூக்காமல் செய்கிற வேலை அரை வேலைதான். செயின் பிளாக் இல்லாவிட்டால் ஆறு பேர் இருந்தால் தூக்கிவிடலாம். வண்டியின் அடியில் படுப்பதற்கு முன் சேஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுங்கள். செங்கலோ ஹாலோ பிளாக்கோ அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்திப் படுக்காதீர்கள், அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

இறுகிய போல்ட்டுக்கு முந்தின இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். கழற்றும்போது முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை நகர்த்தி, பிறகு தளர்த்தினால் மரை அறுபடாமல் வரும். ஸ்பிரிங் பட்டையின் யூ போல்ட்டைக் கழற்றினால் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இறுக்கி இழுபட்ட யூ போல்ட் மறுபடி அதே இறுக்கத்தைத் தாங்காது. புதிது வாங்குங்கள்.

பிறகு வாட்டர் வாஷ். அடிப்பக்கத்தில் கிரீஸ் இருக்கும் இடங்களுக்கு டீசல் தடவி, சோப்புத் தண்ணீரால் அந்த டீசலையும் நீக்குங்கள். சேலத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் பிடித்து வையுங்கள். கதவின் அடியிலும் கேபின் படிக்கட்டின் அடியிலும் இருக்கும் வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே தண்ணீர் விட்டால் கலங்கலாக வரும். தெளிந்து வரும்வரை விடுங்கள். கம்ப்ரஸர் காற்றால் இடுக்குகளை ஊதி, குறைந்தது இரண்டு நாள் வெயிலில் விடுங்கள்.

காய்ந்த பிறகு சின்னச் சுத்தியலும் பழைய ஸ்க்ரூ டிரைவரும் போதும். நல்ல தகடு தட்டினால் கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு மொத்தென்று சத்தம் தரும். மொத்தென்ற இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்துங்கள். இறங்கினால் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். தட்ட வேண்டிய இடங்கள்: டிரைவர் காலடி, கிளட்ச் பெடல் பக்க மூலை, கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், பேட்டரி தட்டு, ஹெட்லைட்டுக்குப் பின்னால் மட்கார்டு மடிப்பு, கேபின் சேஸில் உட்காரும் ரப்பர் மவுண்ட்டுகள், ஸ்டெப்னி தொங்கும் சட்டம். பேட்டரி தட்டில் ஆசிட் சிந்தியிருக்கும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, நுரை அடங்கிய பிறகு கழுவுங்கள்.

லோடு பாடியின் குறுக்குச் சட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தரைத் தகடும் குறுக்குச் சட்டமும் சேரும் இடத்தில் ஒரு காகிதம் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். நுண்ணிய அந்த இடுக்கில் தண்ணீர் தானாகவே இழுபட்டுப் போய்த் தங்கும். துரு அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் இடுக்கில் உண்டான துரு இரண்டு தகட்டையும் பிளந்து தள்ளும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ரிவிட்டுக்கும் ரிவிட்டுக்கும் நடுவே தகடு பூரிபோல் உப்பி நிற்கும், உளியை விட்டுத் திருகினால் அடுக்கடுக்காகக் கருஞ்சிவப்புச் செதில் கொட்டும். இங்கே பிரஷ்ஷால் எதுவும் செய்ய முடியாது. ரிவிட்டை வெட்டி, இரண்டையும் பிரித்து, தனித்தனியாகச் சுத்தம் செய்து, இரண்டு முகத்திலும் பிரைமர் கொடுத்து, நடுவே சீலர் தடவி, போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சேஸில் தகட்டின்மேல் தகடு வைத்து ரிவிட் அடித்த இடங்களிலும் இதே உப்பல் வரும். ஆனால் சேஸ் ரிவிட்டை வீட்டில் தொடாதீர்கள்.

மறக்கவே கூடாத பிரேக் பைப்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். லோடோடு இறங்கும்போது பிரேக் பைப் வெடித்தால் வண்டியின் மற்ற எந்த அழகுக்கும் அர்த்தமில்லை. சேஸ் ஓரமாக ஓடும் இரும்புப் பைப்பில் கிளிப் பிடித்திருக்கும் இடங்களைப் பாருங்கள். மண் தங்குவது அங்கேதான். உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கும்போது குழி தெரிந்தால் அந்த நீளம் முழுவதையும் மாற்றுங்கள். நடுவில் வெட்டி ஒட்டுவது, பித்தளை உருக்கிப் பற்றவைப்பது எதுவும் வேண்டாம். பைப் முனையை விரித்து மடிக்கும் ஃப்ளேர் இரட்டை மடிப்பாக வேண்டும், ஒற்றை மடிப்பு அழுத்தத்தில் விரிசல் விடும். வீல் சிலிண்டர் பக்க ரப்பர் ஹோஸையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது, பழையதை முழுக்க வெளியேற்றுங்கள். அது பட்டால் பெயிண்ட் கரையும் என்பதால் இந்த வேலையைப் பெயிண்டுக்கு முன்பே முடியுங்கள்.

எதை வெட்டுவது, எதை விடுவது

சேஸைப் பொறுத்தவரை, செதில் உதிர்ந்த பிறகு கனத்தை வெர்னியரால் அளந்து, அரிக்காத இடத்தோடு ஒப்பிடுங்கள். கால் பங்குக்கு மேல் கனம் குறைந்திருந்தால், அல்லது ஸ்பிரிங் ஹேங்கர் பக்கத்தில் விரிசல் தெரிந்தால், அது வீட்டு வேலை இல்லை. இது நான் வைத்திருக்கும் எல்லை. மலைப்பாதையில் லோடு ஏற்றுகிற வண்டிக்கு இதைவிடத் தளர்த்த மாட்டேன். நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் லாரி சேஸ் வேலையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொண்டு போங்கள். சேஸ் எண் பொறித்த இடத்தைக் கிரைண்டர் தொடவே கூடாது. ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிட்டு இடத்தைக் கண்டுபிடித்து, டேப் ஒட்டி வையுங்கள். எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்கும் நேரத்தில் அந்த எண் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

கேபின் தரைக்கு வருவோம். சாக்பீஸ் வட்டத்துக்கு வெளியே நல்ல இரும்பு கிடைக்கும்வரை வெட்டுங்கள். ஓட்டையைவிட இரண்டு அங்குலமாவது அதிகமாக வரும். மாற்றுத் தகடு 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. சி.ஆர். தகடு (குளிர் உருட்டல் இரும்புத் தகடு). லோடு பாடித் தரைக்கு 14 கேஜ், 2 மி.மீ. பழைய தகட்டின்மேல் புதியதை அப்படியே வைத்து வெல்டிங் செய்தால் நடுவில் புதிதாக ஓர் இடுக்கு உண்டாகிறது. முடிந்தவரை விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவையுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், மூடப்போகும் இரண்டு முகங்களிலும் துத்தநாகப் பிரைமர் அடித்த பிறகு சேருங்கள்.

சாதாரண ஆர்க் வெல்டிங் இந்தக் கனத்துக்கு ஓட்டை போட்டுவிடும். 0.8 மி.மீ. கம்பியோடு சிஓ2 வெல்டிங் மெஷின் வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. ஒரே கோடாக இழுக்காமல் ஒரு பொட்டு இங்கே, அடுத்த பொட்டு எதிர் மூலையில் என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஒரே இடத்தில் சூடு ஏறினால் தகடு முறுக்கிக்கொள்ளும், அதை நிமிர்த்துவது வெல்டிங்கைவிடப் பெரிய வேலை.

சேலத்தில் உருக்காலை இருப்பதால் ஸ்டெயின்லெஸ் தகடு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். "எவர்சில்வர் தரை போட்டுட்டா துருவே வராதே" என்று தோன்றும். தரை துருப்பிடிக்காதுதான். ஆனால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் சாதா இரும்புச் சட்டம் முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். ஈரத்தில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் எளிதில் அரிபடுவது தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். ஸ்டெயின்லெஸ் பரப்பு பெரிதாகவும் இரும்புப் பரப்பு சிறிதாகவும் இருந்தால் அரிப்பு முழுவதும் அந்தச் சிறிய இடத்தில் குவியும். போட்டே தீருவதென்றால் நடுவே ரப்பர் பட்டையும் போல்ட்டுக்குப் பிளாஸ்டிக் வாஷரும் வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடும் வெல்டிங்குக்கு ஆகாது. பற்றவைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போகும், அந்தப் புகை காய்ச்சலை வரவழைக்கும்.

வேதி வேலை

நான்கு அங்குல கிரைண்டரில் கப் பிரஷ், பிறகு 80ஆம் எண் ஃபிளாப் டிஸ்க். கண்ணாடியும் முழு முகக் காப்பும் இல்லாமல் கப் பிரஷ்ஷைச் சுழற்றாதீர்கள், அதிலிருந்து தெறிக்கும் கம்பி ஊசிபோல் குத்தும். கப் பிரஷ் துருவை மெருகேற்றிக் கருப்பாகப் பளபளக்கச் செய்துவிடும், அதைப் பார்த்துச் சுத்தமாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. குழிக்குள் இன்னும் துரு இருக்கும்.

உப்பு போய்விட்டதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. தேய்த்த இடத்தில் நல்ல தண்ணீரைத் தெளித்து இரவு முழுவதும் விடுங்கள். காலையில் பரப்பு முழுவதும் மெல்லிய மஞ்சள் படிந்திருந்தால் அது சாதாரணம். குழி குழியாக அடர் ஆரஞ்சுப் பொட்டுகள் கிளம்பியிருந்தால் குளோரைடு உள்ளேயே இருக்கிறது. மறுபடி தண்ணீர், நைலான் பிரஷ், அலசல். பொட்டாஷ் ஏற்றிய வண்டிக்கு இதைப் பலமுறை செய்ய வேண்டிவரும்.

அதன்பின் பாஸ்பாரிக் ஆசிட் உள்ள துரு மாற்றி. பிரஷ்ஷால் தடவி, டப்பாவில் சொன்ன நேரம்வரை ஈரமாகவே வைத்து, கழுவித் துடைத்து, உடனே ஊதிக் காயவையுங்கள். மிச்ச ஆசிட்டின்மேல் எபாக்ஸி பிரைமர் பிடிக்காமல் உரியும். டைல்ஸ் கழுவும் ஆசிட்டைக் கொண்டு துருவை எடுக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். துருவை நிமிடத்தில் எடுத்துவிட்டு, நீங்கள் கழுவிக் கழுவி நீக்கிய அதே குளோரைடைக் குழிக்குள் மறுபடி நிரப்பிவிடும்.

கீல், கொக்கி, பிராக்கெட் போன்ற சின்னப் பாகங்களுக்கு மின்பகுப்பு நல்ல வழி. பிளாஸ்டிக் வாளியில் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையைப் பாகத்திலும், பாசிட்டிவ் முனையைப் பழைய கட்டடக் கம்பித் துண்டிலும் கொடுங்கள். இரண்டும் தொடக் கூடாது. பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் வைக்காதீர்கள், நச்சான குரோமியம் கரைசலில் சேரும். ஹைட்ரஜன் வெளிவரும், திறந்த வெளியில் செய்யுங்கள்.

பூச்சின் வரிசை

ரெட் ஆக்ஸைடு மட்டும் அடித்து நிறுத்தாதீர்கள். அதன் படலம் ஈரத்தை மெதுவாக உள்ளே விடும். பேஸ், ஹார்ட்னர் என்று இரண்டு டப்பாவாக வரும் எபாக்ஸி பிரைமர்தான் இங்கே வேண்டும். பேஸ், ஹார்ட்னர் விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டப்பாவில் உள்ளபடி அளவுக் குவளையில் கலந்து 15 முதல் 20 நிமிடம் வைத்துவிட்டு அடியுங்கள். 50 மைக்ரான் படலத்துக்கு ஒரு லிட்டர் ஏறத்தாழ 8 முதல் 10 சதுர மீட்டர் வரும். சேஸுக்கும் அடித்தளத்துக்கும் இரண்டு கோட் போட 4 லிட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். மூலைகளுக்கும் வெல்டிங் கோட்டுக்கும் முதலில் பிரஷ்ஷால் குத்தி அடித்துவிட்டுப் பிறகு பரப்புக்குப் போங்கள். கூர்மையான விளிம்பில் படலம் மெலிந்து நிற்கும் என்பதால் துரு முதலில் தொடங்குவது அங்கேதான். இரண்டாவது கோட் டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் போக வேண்டும், தாண்டிவிட்டால் உப்புத்தாளால் கீறிவிட்டு அடியுங்கள்.

பட்டியும் சீம் சீலரும் பிரைமருக்கு மேல்தான். வெறும் தகட்டில் பட்டி பார்த்தால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு அடியில் துருவை வளர்க்கும். பாலியூரிதேன் சீலர் நான்கு டியூப் போதும். வெல்டிங் கோடுகளுக்குக் கொடுத்து விரலால் அழுத்தி இழையுங்கள். வடிகால் ஓட்டையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். இதற்கெல்லாம் மேல் ரப்பர் வகை ஸ்டோன் கோட்டிங். மட்கார்டின் உட்புறத்துக்குத் தடிமனாக, மற்ற இடங்களுக்கு மெல்லியதாக. சைலன்சர், பிரேக் டிரம், புரொப்பல்லர் ஷாஃப்ட், ஹேண்ட்பிரேக் கேபிள் எல்லாவற்றையும் செய்தித்தாள் சுற்றி மறையுங்கள்.

வெளிப் பெயிண்டை வீட்டில் அடிப்பதற்கு நான் சொல்ல மாட்டேன். பி.யு. (பாலியூரிதேன்) பெயிண்டின் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதா மாஸ்க் அதைத் தடுக்காது. அதைப் பெயிண்ட் அடிக்கும் மூடிய பூத் உள்ள இடத்தில் கொடுங்கள். நிறத்தை மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சியில் ஏற்றவும் வேண்டும்.

உள்ளறைகள்

கதவு, கேபின் படிக்கட்டு, குறுக்குச் சட்டத்தின் குழாய்ப் பகுதி என்று பிரைமர் போகாத இடங்களுக்கு கேவிட்டி வேக்ஸ், அதாவது உள்ளறைகளில் அடிக்கும் மெழுகு. நீளக் குழாயும் எல்லாப் பக்கமும் சிதறும் நாசிலும் உள்ள கேன் வாங்குங்கள், 500 மில்லி கேன் ஐந்து ஆகும். குழாயைக் கடைசிவரை உள்ளே விட்டு, அழுத்தியபடியே மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். அடியில் உள்ள ஓட்டை வழியாகச் சொட்ட ஆரம்பித்தால் அந்த அறைக்குப் போதும். சொட்டு நின்ற மறுநாள் ஓட்டைகளைக் கம்பியால் திறந்துவிடுங்கள்.

இதற்குப் பதிலாகக் கழிவு இன்ஜின் ஆயிலை அடிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது, விட்டுவிடுங்கள். அதில் எரிந்த ஆசிட்டும் கரியும் இருக்கிறது, ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், வழிந்து பிரேக் லைனிங்கில் இறங்கும், தோலுக்கும் கெடுதல்.

லோடு பாடியைத் திரும்ப ஏற்றும்போது சேஸுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே கட்டை வைப்பது வழக்கம். ஈரம் குடித்த கட்டை சேஸை அரிப்பதால் தடித்த ரப்பர் பட்டை வையுங்கள். தரையில் உள்ள நான்கு மூலைகளிலும் 12 மி.மீ. வடிகால் ஓட்டை இருக்கட்டும், விளிம்புக்குப் பிரைமர் கொடுங்கள். உரமும் மயில்துத்தமும் ஏற்றும் வண்டிக்கு அடியில் கனமான தார்ப்பாய் விரித்து, இறக்கியதும் அதை வெளியே எடுத்து உதறுங்கள். சிந்திவிட்டால் அன்றைக்கே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், துடைப்பம் இடுக்குக்குள் தள்ளத்தான் செய்யும்.

முதல் எட்டு வருடம் தாண்டிய வாடகை வண்டிக்கு வருடம் ஒருமுறை எஃப்சி. அதற்காக அடிப்பக்கத்தைக் கழுவுகிற நாளிலேயே ஸ்டோன் கோட்டிங்கில் கல் பட்டுப் பெயர்ந்த இடங்களைப் பார்த்து, கீறி, பிரைமர் தொட்டு மூடிவிடலாம். கேவிட்டி வேக்ஸை மட்டும் எஃப்சி தேதியோடு சேர்க்காமல் மே கடைசியில், தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் பாருங்கள். கதவின் அடி ஓட்டையில் விரலை விட்டால் பிசுபிசுப்பு ஒட்ட வேண்டும். விரலில் செம்மண் வந்தால் அந்தக் கதவை மறுபடி கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, புதிதாக அடியுங்கள்.